உறையூர் மீட்டிங் வீடு

ஜனவரி 4, 2025, சனி

கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமைதான் கூலி. கையில் காசு, உடம்பெல்லாம் வலி, மறுநாள் லீவு. மூன்றும் ஒன்றாகச் சேர்வது சாயங்காலம் ஆறு மணிக்கு. குடியை விட்டு ஒரு மாதம், இரண்டு மாதம் ஆனவருக்கு வாரத்தில் வேறெந்த நேரமும் இவ்வளவு கஷ்டமில்லை. வீட்டில் இப்போது இருக்கும் ஏழு பேரில் மூன்று பேர் கட்டட வேலைக்குப் போகிறார்கள். சைட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு வரும் வழியிலேயே டாஸ்மாக்.

மேஸ்திரியிடம் டிசம்பரிலேயே பேசியிருந்தேன். இன்று முதல் அந்த மூன்று பேரின் வாரக் கூலியை அவர் ஞாயிறு காலை டிபனுக்குப் பிறகு வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். மூவரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் இந்த ஏற்பாடு. பணம் அவர்களுடையது, நாங்கள் தொடுவதில்லை. "குடிச்சுட்டுத் திங்கக்கிழமை வராம போனா சென்ட்ரிங் வேலை நின்னு போயிடும் சிஸ்டர், எனக்கும் இது நல்லதுதான்" என்றார் மேஸ்திரி. தெருவிடம் நான் கேட்பது இந்த மாதிரிக் காரியங்களைத்தான். நன்கொடை வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டோம். ஆனால் ஒரு கூலியை ஒரு ராத்திரி தள்ளிக் கொடுத்தால் நடக்கும் நன்மை எந்த நன்கொடையிலும் நடக்காது.

ஆறரைக்கு மூவரும் வந்து சேர்ந்தார்கள். சட்டைப் பையில் பஸ் காசும் கடலை மிட்டாயும். குடியை நிறுத்திய முதல் மாதங்களில் இனிப்புக்கு நாக்கு அலையும். அந்த நேரத்தில் ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டால் கொஞ்சம் அடங்கும். மளிகைக்கடை அண்ணாச்சி எங்கள் கணக்கில் பாக்கெட் பாக்கெட்டாக எடுத்து வைத்துவிடுகிறார். கடனாக மளிகை கொடுப்பார், கைமாற்றாகக் காசு மட்டும் எங்கள் வீட்டு ஆள் யாருக்கும் தரமாட்டார். அதை அவராகவே முடிவு செய்துகொண்டார்.

இந்த நோட்டில் யார் பெயரும் வராது. குடியை விட்டவர்கள் கூடும் மீட்டிங்கில் பேசியதும் வராது, அது அந்த அறைக்குள்ளேயே இருக்கவேண்டியது.

ஜனவரி 6, திங்கள்

வீட்டுக்காரர் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தார், ஊர் சமாச்சாரம் பேசினார், போகும்போதுதான் விஷயத்துக்கு வந்தார். "சிஸ்டர், 31ஓட அக்ரிமெண்ட் முடியுது. மேல போட வேண்டாம்னு பையன் சொல்றான்." பையன் வெளிநாட்டில் இருக்கிறார். தெருவில் யாரோ அவருக்கு போன் செய்திருக்கிறார்கள், குடிகாரர்களை வைத்திருக்கிறீர்கள், நாளைக்கு வீட்டை விற்கப் போனால் விலை போகாது என்று.

பெரியவருக்கு எங்கள் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. வாடகை ஐந்தாம் தேதி தவறாமல் போகிறது. ஏழு பேரும் போடுகிற பங்குதான் வாடகை. வேலை கிடைக்காத முதல் மாதம் மட்டும், முன்பு இங்கே இருந்துவிட்டுப் போனவர்கள் சேர்த்து வைத்திருக்கும் பொதுப் பணத்திலிருந்து எடுப்போம். ஆனாலும் மகன் பேச்சைத் தட்ட அவரால் முடியாது. நான் அவரை நெருக்கவில்லை. ஒரு வாரம் டைம் கேட்டேன்.

ஜனவரி 8, புதன்

இன்று ஒரு தம்பி வந்து சேர்ந்தார். பெயிண்டர், முப்பத்தைந்து வயதுக்குள். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் குடி சிகிச்சை வார்டில் இருந்துவிட்டு ஒரு பிக்ஷாப்பரோடு நேராக இங்கே. அதில் இரண்டு கைலி, மாத்திரைச் சீட்டு, பிள்ளையின் போட்டோ. கட்டில் எது என்று காட்டினேன். உட்காரவே தயங்கினார்.

நான் அந்த மாதிரி வார்டில் வேலை பார்த்த காலத்தில் இந்த முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பல வருஷம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதலில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். முதல் மூன்று நாலு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும், இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் ஊசி போட்டாக வேண்டும். அதெல்லாம் தாண்டி மூன்றாவது வாரம் முகம் தெளிந்து, நன்றாகச் சாப்பிட்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு மாதத்தில் அதே கட்டிலுக்குத் திரும்பி வருவார்கள். வைத்தியத்தில் குறை இல்லை. எந்தத் தெரு, எந்த நண்பர்கள், எந்தச் சண்டை அவரைக் குடிக்க வைத்ததோ அங்கேயே அவரைத் திரும்ப அனுப்பினோம்.

1971ல் அமெரிக்காவில் ஹண்ட் என்பவரும் கூட இருந்தவர்களும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மது, ஹெராயின், சிகரெட் எதுவானாலும் சரி, நிறுத்தியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மூன்று மாதத்துக்குள் பழையபடி ஆகியிருந்தார்கள். அந்த மூன்று மாதத்தைத் தாண்ட ஓர் இடம் வேண்டும். வார்டு மாதிரி பூட்டு இல்லாமல், சொந்த வீடு மாதிரி பழைய கணக்கு இல்லாமல், வேலைக்குப் போய் வந்து சாப்பிட்டுப் படுக்க ஓர் இடம். அதுதான் இந்த வீடு. தெருவில் 'மீட்டிங் வீடு' என்கிறார்கள்.

2019ல் வெளியான எய்ம்ஸின் தேசியக் கணக்கெடுப்பு சொல்வது வேறு ஒரு வருத்தம். இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை எடுப்பவர் 180 பேரில் ஒருவர். அந்த ஒருவராக இந்தத் தம்பி வந்திருக்கிறார். இவரை இப்போது கைவிட்டால் அந்த வார்டில் உழைத்தவர்கள் எல்லாருடைய உழைப்பும் வீண்.

ராத்திரி பத்து மணிக்கு, தூக்கம் வரவில்லை என்று எழுந்து வந்தார். இன்னும் பல வாரம் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். தெரிந்தே படுப்பதும் தெரியாமல் புரள்வதும் ஒன்றல்ல. தூக்க மாத்திரை தேடி மெடிக்கல் ஷாப்புக்குப் போனாலும் அங்கே கிடைக்காது. கடைத் தம்பிக்கு எங்கள் வீட்டு ஆட்களைத் தெரியும். இருமல் டானிக் என்றால்கூட ஆல்கஹால் கலக்காததாகப் பார்த்துத்தான் எடுத்துத் தருவார்.

ஜனவரி 10, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. நாலு பேர் விடியுமுன்பே ஸ்ரீரங்கம் போய் சொர்க்கவாசல் பார்த்துவிட்டு வந்தார்கள். தெருமுனை ஆட்டோக்காரர் கூட்டிப் போனார், போக வரப் பெட்ரோலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். அவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பல வருஷமாக 'ஏய் குடிகாரா' என்று கேட்டுப் பழகியவர்களுக்கு அது பெரிய விஷயம்.

ஜனவரி 12, ஞாயிறு

ஞாயிறு மனைவிமார் வரும் நாள். நாளை போகி, நாளை மறுநாள் பொங்கல் என்பதால் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். கரும்பு, புது வேட்டி. முற்றம் நிறைந்து இருந்தது.

பொங்கலுக்கு யார் ஊருக்குப் போவது என்பதுதான் இன்றைய பேச்சு. பண்டிகை எங்களுக்குப் பயம். ஊரில் பங்காளிகள் கூடுவார்கள், மச்சான் "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்பான். வீட்டில் எட்டுப் பேரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள்: மூன்று மாதம் தாண்டாதவர்கள் போவதில்லை, அவர்கள் குடும்பத்தை இங்கே வரச் சொல்லலாம். தாண்டியவர்கள் காலையில் போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்பவேண்டும். அண்ணாச்சியும் தெருப் பெண்கள் சிலரும் வாசலில் ஒன்றாகப் பொங்கல் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் இருக்கும் கொத்தனாரின் மனைவி என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போய், "இன்னும் மூணு மாசம் வெச்சுக்கோங்க சிஸ்டர்" என்றார். கணவர் மேல் பாசம் இல்லாமல் இல்லை. "புள்ளைங்க இப்பதான் ராத்திரி முழுசாத் தூங்குதுங்க. கதவு தட்டுற சத்தம் கேட்டா இன்னும் பயந்து எந்திரிக்கிதுங்க." இந்த வீடு குடித்தவருக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த அம்மா சொல்வதைக் கேட்கவேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆறிக்கொள்ள நாள் வேண்டும்.

போகும்போது இன்னொன்று சொன்னார், குரலைத் தாழ்த்தி. அவருடைய நாத்தனார் குடிக்கிறார். புருஷன் இறந்த பிறகு ஆரம்பித்தது. "அவளை எங்க சிஸ்டர் கொண்டு போறது?" எய்ம்ஸ் கணக்கெடுப்பில் குடிக்கும் ஆண்கள் நூற்றுக்கு 27.3, பெண்கள் 1.6. எண்ணிக்கை சிறிது என்பதால் அவர்களுக்கு இடம் வேண்டாம் என்று ஆகுமா? 14446 என்ற இலவச உதவி எண்ணை எழுதிக் கொடுத்தேன். வார்டில் யாரைப் பார்க்கவேண்டும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு எங்கே என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஜனவரி 15, புதன்

நேற்றுப் பகல் நன்றாக இருந்தது. இரண்டு பானை, ஒன்று தெருவுடையது, ஒன்று எங்களுடையது. பெயிண்டர் தம்பிதான் கோலத்துக்குச் செம்மண் பட்டை அடித்தார், நூல் பிடித்த மாதிரி.

இன்று திருவள்ளுவர் தினம், டாஸ்மாக் கடை லீவு. அதனால் நேற்றே கடையில் இரண்டு நாளுக்கும் சேர்த்து வாங்குகிற கூட்டம். காலையில் ஊருக்குப் போன லாரி டிரைவர் ஆறு மணிக்கு வரவில்லை. ஏழுக்கு போன் எடுக்கவில்லை. பத்தரைக்குத் தெருமுனையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நாலாவது மாதத்தில் இருந்தவர்.

குடித்தவர் அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்பது விதி. மற்ற ஏழு பேரும் அந்த வாசனையோடு ஒரே கூரையின் கீழ் படுக்க முடியாது. ஆனால் ரோட்டில் விடுவதும் இல்லை. அவர் டைசல்ஃபிரம் மாத்திரை எடுக்கிறவர் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். பிறகு ஆட்டோக்காரர் வந்தார். நானும் கொத்தனாரும் கூட ஏறிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வழியெல்லாம் அழுதார். கொத்தனார் ஒன்றும் சொல்லவில்லை, கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

திரும்பி வந்தபோது எதிர்வீட்டு அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். வெளிநாட்டுக்கு போன் செய்தது அவர்தான் என்று அப்போது சொன்னார். நேராகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

2023 ஜூனில் தமிழ்நாட்டில் 500 டாஸ்மாக் கடைகளை மூடினார்கள். இன்னும் மூடவேண்டும் என்பதுதான் என் விருப்பமும். ஆனால் கடை இருக்கும்வரை அதைத் தாண்டி நடந்து வருகிறவருக்குப் போய்ச்சேர ஒரு வாசல் வேண்டும் என்பதைப் பற்றிக் கூட்டங்களில் யாரும் பேசிக் கேட்கவில்லை.

ஜனவரி 18, சனி

வீட்டுக்காரரின் மகனுக்குக் கடிதம் எழுதினேன். உருக்கமாக எழுதி அனுப்புவதில் பயனில்லை. அவர் கேட்பது, தெருவுக்கு நடுவில் இப்படி ஒரு வீடு எங்காவது நடக்குமா, நடந்து பலன் இருந்ததா என்று. அதற்குத்தான் பதில் எழுதினேன்.

1975ல் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் சில்வர் ஸ்பிரிங்கில் அரசு நடத்திவந்த இடைத்தங்கல் வீட்டைப் பணமில்லை என்று மூடப்போனார்கள். அங்கே இருந்தவர்களே, பால் மொலாய் முன்னின்று, அந்த வீட்டை வாடகைக்கு எடுத்துத் தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள். அதுதான் முதல் ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ். எல்லா முடிவும் ஓட்டெடுத்து, செலவு அவரவர் பங்கு, குடித்தால் வெளியே. வார்டன், காவலாளி யாரும் கிடையாது. அங்கேயும் அக்கம்பக்கம் எதிர்த்தது. வாஷிங்டன் மாநிலத்து எட்மண்ட்ஸ் நகரம், உறவில்லாதவர்கள் ஐந்து பேருக்கு மேல் ஒரு வீட்டில் சேர்ந்திருக்கக்கூடாது என்ற தன் விதியைக் காட்டியது. அந்த விதிக்கு வீட்டுவசதிப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை என்று 1995ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பலன் என்ன என்றால், லெனர்ட் ஜேசனும் அவர் குழுவும் 2006ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. சிகிச்சை முடித்த 150 பேரில் பாதிப் பேரை இந்த வீடுகளுக்கும் மீதிப் பேரை வழக்கமான தொடர் கவனிப்புக்கும் குலுக்கல் முறையில் அனுப்பினார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது, வீட்டுக்குப் போனவர்களில் மறுபடி போதைக்குப் போயிருந்தவர்கள் நூற்றுக்கு 31 பேர். மற்றவர்களில் 65 பேர்.

நம் பக்கத்துக் கதையையும் சேர்த்தேன். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980ல் சென்னையில் சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். பிறகு அந்த மையம் திருவாரூர்ப் பக்கத்து மஞ்சக்குடியில், ஊருக்குள்ளேயே, ஊர்க்காரர்களின் உதவியோடு பதினைந்து நாள் முகாம்கள் நடத்தியது. ஊர் கூட நின்றால் முடியும் என்று காட்ட அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை.

கடைசியாகச் சட்டம். 2017ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் தன் வரையறைக்குள் எடுத்துக்கொள்கிறது. சமூகத்தின் நடுவில் வாழும் உரிமையைச் சொல்கிறது. இடைத்தங்கல் இல்லங்கள் அமைய அரசு வழி செய்யவேண்டும் என்கிறது. இதை மிரட்டலாக எழுதவில்லை, தெரிந்துகொள்ளட்டும் என்றுதான்.

ஜனவரி 21, செவ்வாய்

வீட்டில் இருக்கும் தச்சருக்கு வேலை கிடைத்தது. மர வேலை தெரிந்தவருக்கு வேலைக்கா பஞ்சம் என்று கேட்பார்கள். பாலிஷ் போடுகிற பட்டறையில் ஸ்பிரிட் வாசனை நாள் முழுக்க மூக்கில் ஏறும், சிலர் அதையே குடித்துமிருக்கிறார்கள். எனவே பாலிஷ் இல்லாத பட்டறை தேவைப்பட்டது. நாச்சியார் கோவில் பக்கம் ஒரு பட்டறைக்காரர் ஜன்னல், நிலை செய்யும் பகுதியில் மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றார். பாலிஷ் பின்கட்டில் நடக்கிறது, அந்தப் பக்கம் இவரை அனுப்பமாட்டார்களாம்.

ஜனவரி 23, வியாழன்

பிள்ளையார் கோவில் வாசலில் தெருக்கூட்டம். வீட்டுக்காரர், அண்ணாச்சி, ஆட்டோக்காரர், மேஸ்திரி, எதிர்வீட்டு அம்மா, இன்னும் பலர். எங்கள் வீட்டிலிருந்து கொத்தனார் மட்டும் வந்தார், வீட்டிலுள்ளவர்கள் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்.

எதிர்வீட்டு அம்மாவை முதலில் பேசச் சொன்னேன். "எம் பொண்ணு பிளஸ் டூ. மார்ச் 3ந் தேதி பரிட்சை. அன்னிக்கு ராத்திரி அவ படிக்கவே இல்ல, நடுங்கிட்டு உக்காந்திருந்தா." எல்லோரும் பேசாமல் கேட்டோம். பிறகு மெல்ல மெல்ல இன்னொன்றும் வந்தது. எங்கள் மொட்டை மாடியில் சாயங்காலம் பீடி பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அந்த இடத்துக்கு நேர் எதிரே மகள் படிக்கும் அறை ஜன்னல். புகை உள்ளே வருகிறது, ஜன்னலைத் திறக்க முடியவில்லை. பத்து மாதமாக இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல்தான் கோபம் இவ்வளவு வளர்ந்திருக்கிறது.

கொத்தனார் எழுந்தார். "நாளைக்கே அந்தப் பக்கம் தட்டி கட்டிடறோம்மா. பீடியெல்லாம் இனிமே பின்பக்கம் கிணத்தடியிலதான். பாப்பா பரிட்சை முடியிறவரைக்கும் எட்டு மணிக்கு மேல மாடிக்கே யாரும் போகமாட்டோம்." அந்த அம்மா தலையசைத்தார். எந்த நேரமும் எடுக்கிற ஒரு போன் நம்பர் வேண்டும் என்று கேட்டார். என் நம்பரையும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் இன்னொருவர் நம்பரையும் கொடுத்தேன். குடியிருப்பவர்கள் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்திருக்கும் நகலையும் காட்டினேன்.

அண்ணாச்சி சொன்னது ஒன்றே ஒன்று: "குடிக்கிறவன் இந்தத் தெருவுல எந்த வீட்ல இல்ல? நிறுத்தினவன் இருக்கிற வீடு இது ஒண்ணுதான்." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என் கடிதம் செய்யாததை அந்த இரண்டு வரி செய்தது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

லாரி டிரைவர் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார், திரும்பிவர அனுமதி கேட்டிருக்கிறார். வீட்டில் ஓட்டெடுத்தார்கள். ஐந்து பேர் வரட்டும் என்றார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்களில் பெயிண்டர் தம்பியும் ஒருவர். "அவரைப் பாத்தா எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் வருது" என்றார். வந்தவுடன் டிரைவருக்கு வேறு அறை மாற்றிக் கொடுப்பது என்று முடிவானது. டிரைவர் முதல் மாதத்திலிருந்து மறுபடி தொடங்கவேண்டும், மூன்று மாதம் ஊருக்குப் போகக்கூடாது. லாரிக்குப் பதில் உள்ளூரில் லோடு வண்டி கிடைக்குமா என்று ஆட்டோக்காரர் விசாரிக்கிறார். இரவெல்லாம் தனியாக ஓட்டுவது, களைப்பு, வழியோர தாபா, இதெல்லாம் இப்போதைக்கு அவருக்கு ஆகாது.

ஜனவரி 30, வியாழன்

அக்ரிமெண்ட் கையெழுத்தானது, இன்னொரு பதினோரு மாதத்துக்கு. வாடகையில் ஆயிரத்து ஐந்நூறு கூட்டிக் கேட்டார்கள், ஒப்புக்கொண்டோம். மகன் போனில் பேசினார். ஊருக்கு வரும்போது வீட்டைப் பார்க்கிறேன் என்றார். வரட்டும்.

கையெழுத்துப் போட வந்த இடத்தில் கொத்தனாரின் மனைவி கேட்டதைத் தெருப் பெண்களிடம் சொன்னேன். நாத்தனாரை நாளை மறுநாள் வார்டில் சேர்க்கிறார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவருக்கு ஓர் இடம் வேண்டும், ஆண்கள் வீட்டில் முடியாது. டைலர் அக்கா தன் வீட்டுப் பின்போர்ஷன் ஆறு மாதமாகக் காலியாகக் கிடக்கிறது என்றார். இரண்டு பேர் தங்கலாம், தனிக் கழிவறை உண்டு, வாசல் மட்டும் அவர் வீடு வழியாகத்தான். ராத்திரித் துணைக்கு யார், பிள்ளைகளோடு வந்தால் எப்படி, தையல் வேலை கற்றுக்கொடுத்தால் கூலி எவ்வளவு என்று அங்கேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார். ஞாயிறு மத்தியானம் எல்லோருமாகப் போய்ப் பார்க்கிறோம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் (ஏ.ஏ.) பெண்கள் மட்டும் கூடுகிற மீட்டிங் திருச்சியில் எந்த நாள், எங்கே என்று அதற்குள் விசாரித்து வைக்கவேண்டும்.